பத்துப் பேரைக் காட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான், அத்தான், பாப்பா மூவரும் நலம். மலையில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று திரிகிறாயா? இருமல் நின்றதா?

லாண்டரியில் வேலை குறைந்துவிட்டது. நம்மிடம் துணி போட்ட இரண்டு லாட்ஜும் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மட்டும்தான் வருகின்றன. பெரிய மெஷினுக்கு வாங்கிய கடனில் ஏழு தவணை நின்றுபோய், வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கீழே லாண்டரி, மேலே நாங்கள் இருக்கும் வீடு, இரண்டும் சேர்ந்துதான் அடமானத்தில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. கடன் ஆலோசகர் ஒருவர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். வக்கீல், நீதிமன்றம் எதுவும் வேண்டாம் என்கிறார். வங்கிக்கு மூன்று அறிவிப்புகள் அனுப்ப வேண்டும். கையெழுத்து சிவப்பு மையில், பக்கத்தில் பெருவிரல் ரேகை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு நாள் கெடு. மூன்றுக்கும் வங்கி பதில் சொல்லாவிட்டால் அவர்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம், கடன் தானாகச் செத்துப்போகுமாம். கடன் பத்திரத்தில் இருக்கும் அத்தான் பெயர் வெறும் காகித ஆள், உயிருள்ள அத்தான் வேறு ஆள் என்கிறார். அத்தான் இதில் ரொம்ப நம்பிக்கையாக இருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ படித்தவன். எது தாங்கும், எது வெடிக்கும் என்று சோதித்துச் சொல்வதுதானே உன் வேலை? அவர் கொடுத்த பன்னிரண்டு பக்கப் புத்தகத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நம்பத் தகுந்ததா இல்லையா என்று எழுது. கோபப்படாமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

நலம். காது இருந்த இடத்தில் இருக்கிறது. உன் கடிதம் மலை ஏறி வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. கோபப்படாமல் எழுது என்றால் எனக்கு ஏன் எழுதுகிறாய்?

நான் இங்கே என்ன செய்கிறேன் தெரியுமா? மலையுச்சியிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் குழாய்களின் பாதுகாப்பு வால்வுகளைச் சோதிக்கிறேன். ஒவ்வொன்றையும் மேசையில் பூட்டி, அழுத்தம் ஏற்றி, எந்த அளவில் திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து. "நல்லா திறக்கும் சார்" என்று வால்வு விற்றவன் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டால் கீழே வேலை செய்யும் இருபது பேர் காலி. உன் ஆலோசகரின் பன்னிரண்டு பக்கமும் "நல்லா திறக்கும் சார்"தான். வேறு ஒன்றுமில்லை.

காகித ஆள் கடன் வாங்கினாராம், உயிருள்ள ஆள் பொறுப்பில்லையாம். அப்படியானால் வங்கி ஒரு காகித மெஷினைத்தானே கொடுத்திருக்க வேண்டும்? அதில் காகித விரிப்புகளை அல்லவா அத்தான் துவைத்திருக்க வேண்டும்? அவருக்கு மண்டைக்குள் யாராவது ஈரத்துணி திணித்து வைத்திருக்கிறார்களா? முப்பது வருஷம் தொழில் செய்த மனுஷன், ஒரு பாட்டில் சிவப்பு மைக்கு விழுந்துவிட்டாரே!

சரி, கேட்டதற்குப் பதில். எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு வாயே திறக்காமல் இருந்தால் அந்த மௌனம் எங்காவது ஒரு வழக்கில் ஏதாவது ஒரு பயனைத் தரலாம். இந்த முறை வேலை செய்யவே செய்யாது என்று நிரூபிக்க என் கையில் தரவு இல்லை. சோதிக்காத எதன் மேலும் "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் காசு கொடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவை அந்த மாடிக்கு அழைத்துப் போகாதே.

தம்பி


பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு அத்தானைத் திட்ட ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, உன் கோபத்தைப் பார்த்தாலே நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துவிடுகிறது.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலை செய்யாது என்று நிரூபிக்க முடியாது என்று நீயே எழுதியிருப்பது பெரிய ஆறுதல். ஆலோசகரிடமும் காட்டினேன். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "படிச்சவங்க இப்படித்தாம்மா எழுதுவாங்க, பட்டுனு ஒத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

ஒரு உதவி. அந்த வரியை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, உன் பதவியையும் போட்டு, அலுவலக முத்திரையோடு அனுப்ப முடியுமா? அத்தானுக்குக் காட்டத்தான்.

முதல் அறிவிப்பு போய்விட்டது. வங்கியிலிருந்து சத்தமே இல்லை.

மழை தொடங்கினால் கம்பளியை வெளியே காயப்போடாதே.

உன் அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

முத்திரையா? முத்திரை என் வால்வுகளுக்கு. அத்தானுடைய மூடநம்பிக்கைக்கு அல்ல. நான் எழுதிய இரண்டு பக்கத்தில் தொண்ணூறு சதவீதம் திட்டு. அதில் உனக்குக் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரியா? அந்த ஆளுக்கு இனிமேல் 'சிவப்பு மை' என்று பெயர் வைக்கிறேன், ஆலோசகர் என்று எழுதக் கை கூசுகிறது.

உட்கார்ந்து யோசித்தேன். எந்தப் பரிகாரம் வந்தாலும் மூன்று கேள்வி கேள். முடிவை யார் எடுக்கிறார்கள்? தோற்றால் இப்போது நிற்கிற இடத்தைவிடக் கீழே விழுவோமா? அது தோற்றால் அதைச் சொன்னவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? வங்கி மேலாளரிடமே போய்த் தவணையை நீட்டித்துக் கேட்டால் முடிவெடுக்க ஒரு ஆள் இருக்கிறார், மறுத்தால் நமக்குப் புதிதாக நஷ்டமில்லை, ஏலத்தில் சொத்து குறைந்த விலைக்குப் போனால் அவருக்கும் கணக்கு உதைக்கும். ஆகவே கொஞ்சம் நம்பலாம். சமரச மையம் என்று ஒன்று இருக்கும், அதுவும் அப்படித்தான், மெதுவாக நகரும். எதிர்ப்பு மனு போட்டால் ஒரு நீதிபதி படிக்கிறார், பதில் சொல்லியே தீர வேண்டும். மெஷினை நாமே விற்றால் மனசு வலிக்கும், கடன் குறையும். இத்தனையிலும் தோல்வி என்று ஒன்று உண்டு. அதனால்தான் அவற்றை நம்பலாம்.

சிவப்பு மையில் தோல்வியே கிடையாது பார். பதில் வராவிட்டால் வெற்றி. பதில் வந்தால் அவனிடம் அடுத்த புத்தகம் வாங்க வேண்டும். தோற்கவே தெரியாத வால்வு வால்வே இல்லை, சுவரில் வரைந்த படம்.

இத்தனைக்குப் பிறகும் அத்தான் கேட்கமாட்டார் என்றால் அவரிடம் இதைச் சொல். இந்த முறையில் போனவர்கள் பத்துப் பேரைக் காட்டு. பெயர், தேதி, அறிவிப்பின் நகல் எல்லாவற்றோடும். எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற கதை வேண்டாம். பத்துப் பேர். பத்துக்குக் குறைந்தால் இந்த விஷயத்தைப் பற்றி நான் இனி ஒரு வரி எழுத மாட்டேன். பத்து இருந்தால் வரிவரியாகச் சோதித்து அறிக்கை தருகிறேன், சாதகமாக இருந்தால் சாதகமாகவே.

இதற்கு மேல் பொறுமை இல்லை. பாப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். லாண்டரி வேலை இல்லை, வேறு வேலை. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, நடந்ததால். மருந்து தடவுகிறேன்.

நீ கேட்டது இதோ. பத்து கேட்டாய், பதினான்கு இருக்கிறது. எல்லோருடைய அறிவிப்பின் நகலும் தேதியோடு. தையல்காரர், பூட்டு ரிப்பேர் செய்பவர், சைக்கிள் கடைக்காரர், முட்டை மொத்த வியாபாரி, இரண்டு டீச்சர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அறிவிப்பு போன பிறகு ஒருத்தருக்கும் வங்கியிலிருந்து பதில் வரவில்லை. பதினான்கில் பதினான்கு.

இப்போதாவது அறிக்கை எழுதுவாய் அல்லவா? சீக்கிரம் எழுது. நிறையப் பேர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தானைச் சொல்கிறேன்.

இருமல் திரும்பவும் வந்ததா? நீ எழுதவே இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

இருமல் இல்லை. காலுக்கு ஓய்வு கொடு. இவ்வளவுதான் குசலம்.

பதினான்கு நகலையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் நீ? பதினான்கில் பன்னிரண்டு உன் கையெழுத்து. கொக்கியை இழுத்துக் கீழ்வரியைத் தொடவிடும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதவே கற்றேன். அந்தப் பன்னிரண்டும் மார்ச் இருபத்திரண்டுக்குப் பிறகு எழுதியவை. அனுப்பி இரண்டு வாரம்கூட ஆகாத அறிவிப்புக்கு 'பதில் வரவில்லை' என்பது வெற்றியா? நேற்று விதைத்துவிட்டு இன்று 'பூச்சி அடிக்கவில்லை' என்கிற மாதிரி இருக்கிறது.

எனக்கு இப்போது புரிகிறது. அத்தான் சும்மா நம்பவில்லை. அந்த ஆளுக்கு முகவராகவே ஆகிவிட்டார். ஊரில் ஆள் பிடிக்கிறார், உன்னை எழுத்தராக உட்கார வைத்திருக்கிறார், உன் கால் வீங்குகிற அளவுக்கு அலைய வைக்கிறார். கூச்சமாக இல்லையா அவருக்கு? இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு. நேரில் இருந்தால் முகத்துக்கு நேராகவே கேட்டிருப்பேன்.

இங்கே எங்கள் மின்நிலைய மேலாளரின் கையைக் காலைப் பிடித்து, அவசரத்துக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கும் சேட்டலைட் போனில் நான்கு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. பிறகுதான் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம் ஞாபகம் வந்தது. தெரியாத எண்ணை எடுத்தால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அடப்பாவி.

வங்கிக் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது? எத்தனை நாளைக்குள் எதிர்ப்பு மனு போடலாம் என்று எழுதியிருக்கிறது? உடனே எழுது. எழுதுவதற்கு முன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போ. அத்தான் தடுத்தால் அவரைத் தள்ளிவிட்டுப் போ.

தம்பி


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமே விழைகிறேன். நான் கடிதம் எழுதிப் பல வருஷமாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உன் கடிதங்கள் வந்ததும் உன் அக்கா எனக்கு வாசித்துக் காட்டுவாள். 'மண்டைக்குள் ஈரத்துணி' வந்த இடத்தில் அவள் குரல் நின்றது. நான்தான் "ம்ம், மேல படி" என்றேன். கடைசிக் கடிதத்தை மட்டும் வாசிக்கவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தாள். துவைக்கப் போடும்போது எனக்குக் கிடைத்தது. நீ என்னிடமே கொடுக்கச் சொல்லி எழுதியிருந்ததால் படித்துவிட்டேன்.

நான் அந்த ஆளை ஒரு நாளும் நம்பியதில்லை. அவனுடைய மாடிப்படியில்கூட நான் ஏறியதில்லை. நம்பியவள் அவள். உன்னிடம் சொன்னால் நீ அவளை என்ன சொல்லுவாய் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கடிதத்தில் என்னை நம்பினவனாக்கிவிட்டாள். நானும் சரி, திட்டு என் பங்குக்கு வரட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கனமான துணி தூக்கிப் பழக்கம்.

அவள் ஏன் போனாள் என்று கேட்பாய். ஜனவரியில் வங்கிக்கு அவள்தான் போனாள். கடன் பிரிவு ஆள் அவளுடைய காகிதங்களைக் கையால் தொடாமல் பேனா நுனியால் ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளியிருக்கிறான். "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றிருக்கிறான். பத்து வருஷமாக இந்த லாண்டரியின் ரசீது எல்லாம் எழுதியவள் அவள். அங்கிருந்து நேராக அந்த மாடிக்குப் போயிருக்கிறாள். அங்கே அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பி ஒரு மணி நேரம் படித்தானாம். "உங்களுக்கு நல்லாவே புரியுதும்மா" என்றானாம். அவ்வளவுதான்.

பிறகு உன் மார்ச் மாதக் கடிதம் வந்தது. பத்துப் பேரைக் காட்டு என்று. அந்த முறையில் போனவர்கள் அப்போது அவளுக்குத் தெரிந்து இரண்டே பேர். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினாள். கடன் கட்ட முடியாமல் இருக்கும் வீடுகளாகப் பார்த்துப் போனாள். "என் தம்பி இன்ஜினியர். வேலை செய்யாதுன்னு சொல்ல முடியாதுன்னு அவனே எழுதியிருக்கான்" என்று உன் கடிதத்தைக் காட்டினாள், பென்சில் கோடு போட்ட அந்த வரியை மட்டும். பன்னிரண்டு பேருக்கும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். ஒரு காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது புரிந்திருக்கும்.

நீ கேட்ட தேதி. ஜனவரி இருபது. தொண்ணூறு நாள். ஏப்ரல் இருபதோடு முடிந்துவிட்டது. உன் கடிதம் இருபத்தாறு அன்று வந்தது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். மார்ச்சில் ஒரு நாள் சட்ட உதவி அலுவலகத்தின் வாசல்வரை போனேன். நான் மனு போட்டால் அவளுடைய அறிவிப்பு செல்லாமல் போய்விடும், கெடுத்தது நீங்கள்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லுவாள் என்று பயந்து திரும்பிவிட்டேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது வீடே இருக்குமா என்று தெரியவில்லை.

குளிரில் ஜாக்கிரதை.

அத்தான்


மே 8

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் எழுதினார். எல்லாம் எழுதினார். அவரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் நீ உட்கார்ந்து அவருக்கு வாசித்திருக்கிறாய். எப்படி முடிந்தது உன்னால்? எனக்கு நினைத்தாலே உடம்பு எரிகிறது.

அதைவிட என் மேல் எரிகிறது. பத்து என்ற எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? எங்கிருந்தும் இல்லை. மூன்று போதாது, நூறு கிடைக்காது, பத்து என்று எழுதினேன். இங்கே வால்வு கேட்டால் கிடங்கிலிருந்து வால்வு வரும். நீ எனக்கு மனுஷர்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். சோதனைக்கு ஆள் இல்லையென்றால் உண்டாக்கிக்கொடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்காவிட்டால் நீ அந்தப் பன்னிரண்டு வாசல் ஏறியிருக்க மாட்டாய். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது.

இப்போது சொல்வதைச் செய். முதலில், நம் வீட்டுக்கான மனு. கெடு முடிந்தாலும் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம், வக்கீலைப் பார். இன்றே. இரண்டாவது, அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் திரும்பப் போ. ஒவ்வொருவரிடமும் வங்கிக் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார். நாள் மிச்சம் இருப்பவர்களைக் கையோடு சட்ட உதவிக்கு இழுத்துக்கொண்டு போ. வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். என் பெயரைச் சொல்லித்தானே எழுத வைத்தாய்? அதே பெயரைச் சொல்லி, அவன் ஒரு மடையன், தெரியாமல் எழுதிவிட்டான் என்று சொல்லி நிறுத்து.

இந்தத் தடவை எனக்கு விளக்கம் வேண்டாம். செய்துவிட்டு எழுது.

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா, உன் வயதுதான் இருக்கும். நான் பையைத் திறப்பதற்குள் கேட்ட முதல் கேள்வி, "கடிதத்துல தேதி என்னம்மா?" அவ்வளவுதான். நீ எனக்கு எத்தனை பக்கம் எழுதினாய்? காகித மெஷின், ஈரத்துணி, சுவரில் வரைந்த வால்வு, மூன்று கேள்வி. என்ன அழகாக எழுதினாய்! பிப்ரவரியில் கேட்டேன். தேதி என்ன என்று ஏப்ரலில் கேட்கிறாய். நான் ஒளித்தேன்தான். நீ தேடவே இல்லையே. உனக்கு ஜெயிக்க வேண்டும், அந்தச் சிவப்பு மையை, அத்தானை, என்னை. நான் முட்டாள்தான், ஒப்புக்கொள்கிறேன். நீ கெட்டிக்காரனாக இருந்து என்ன கிழித்தாய்?

சரி. எழுதியாகிவிட்டது. இனிமேல் விஷயம்.

நம் மனுவை நீதிபதி எடுத்துக்கொண்டார். தாமதத்தை மன்னித்தார், ஆனால் நாற்பது நாளுக்குள் நிலுவையில் நான்கில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்றார். மறுநாளே அத்தான் பெரிய மெஷினை விற்றுவிட்டார். அதை உள்ளே இறக்கிய பிறகுதான் முன்சுவரைக் கட்டினோம், ஆகவே சுவரை இடித்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. பணம் கட்டியாகிவிட்டது. வீடு இப்போதைக்கு இருக்கிறது. லாண்டரிக்கு முன்சுவர் இல்லை.

பன்னிரண்டு வீட்டுக்கும் போனேன். ஏழு பேருக்கு நாள் மிச்சம் இருந்தது, மனு போட்டாகிவிட்டது. இரண்டு பேர் என்னை உள்ளேயே விடவில்லை. வங்கியிடம் காசு வாங்கிக்கொண்டு கட்சி மாறிவிட்டேனாம். அந்த ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவன் அலுவலகத்தை நாலு தெரு தள்ளி மாற்றிவிட்டான், பலகையில் புதுப் பெயர், அதே புத்தகம். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நீங்களும்தானேம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்று பேருக்குக் கெடு தாண்டிவிட்டது. இரண்டு பேர் எப்படியோ வங்கியோடு பேசி முடித்துக்கொண்டார்கள். தையல்காரரால் முடியவில்லை. நான் அவருக்கு எழுதிக் கொடுத்த நாளில் அவருக்கு இன்னும் பதினேழு நாள் இருந்திருக்கிறது, தம்பி. அந்தப் பதினேழு நாளும் வங்கி பதில் சொல்லவில்லை என்று சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டதைத் தள்ளிவிட்டார்கள். கடையும் பின்னால் இருக்கும் ஒற்றை அறையும் ஜூலை ஒன்பதாம் தேதி ஏலம்.

தினமும் சாயந்தரம் யாராவது வந்து அந்த இடிந்த சுவருக்கு முன்னால் நின்று திட்டிவிட்டுப் போகிறார்கள். அத்தான் தார்ப்பாய் கட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். தையல்காரர் வந்தால் கத்த மாட்டார். அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும். நேற்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உன் தம்பி இன்ஜினியர்னு சொன்னியேம்மா. எங்க அவன்?"

வக்கீலம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். தையல்காரருக்காக மேல்மனு போடலாம், ஆனால் அவர் ஏன் சும்மா இருந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்த வரியை எழுதினவரே நேரில் வந்து, அதைப் பார்த்துத்தான் இவர் ஏமாந்தார் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் கேட்கலாம் என்கிறார். "ஆனா அவரு சான்று குடுக்கிற வேலையில இருக்காரு. தப்பா ஒண்ணை எழுதினேன்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டா உரிமத்துக்கே பிரச்சினை வரலாம். அதையும் அவருகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் உன்னைக் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைக் கவனி.

அக்கா


ஜூன் 13

அக்கா,

உன் கால் எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம்.

நீ எழுதியது எல்லாம் சரி. கடிதம் முழுவதையும் மேலாளரிடமே படிக்கக் கொடுத்தேன், விடுப்பு கேட்கப் போன இடத்தில். ஏன் விடுப்பு என்று கேட்டார். வாயால் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியது, நீட்டினேன். படித்தார். "உரிமம் போனா திரும்ப எடுக்க எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா? யாரோ ஒரு டெய்லருக்காகவா?" என்றார். தெரியும் என்றேன். தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன், இன்ன தேதியில் இன்ன வரியை எழுதினேன், அதன் விளைவு இது என்று. மற்றவர்கள் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஆள் வந்து சேர இருபத்து நான்காம் தேதி ஆகும். அதுவரை இருபது பேர் குழாய்க்குக் கீழே வேலை செய்கிறார்கள், விட்டுவிட்டு வர முடியாது. வக்கீலம்மாவிடம் பத்திரத்தைத் தயார் செய்யச் சொல். அந்த வரிக்கு மேலும் கீழும் நான் எழுதிய திட்டுகளைச் சேர்க்க வேண்டாம். அவற்றை எழுதிவிட்டதால் நான் யோக்கியன் என்று தோன்றும். அந்த வரி மட்டும் போதும். மூலக் கடிதத்தைப் பத்திரமாக வை, பென்சில் கோட்டோடு.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதிப் பார்த்தேன். நான்கு தடவை கிழித்தாகிவிட்டது. நேரில் வருகிறேன், திட்டச் சொல். அவர் திட்ட மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

தையல்காரர் இன்று சாயந்தரமும் வருவார் அல்லவா? எங்கே அவன் என்று இனிமேல் கேட்டால் தலை குனியாதே. இருபத்தைந்தாம் தேதி லாரி ஏறுகிறான், இருபத்தேழு காலையில் அவர் கடைக்கு முதலில் வந்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவான் என்று சொல். எழுதிக் கொடுக்காதே, வாயால் சொல்.

தம்பி